பழைய வீட்டுக்குள் காற்றைச் சோதிப்பது: எதை முதலில், எதைப் பிறகு

சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெரஸ் தளம் அல்லது நாட்டு ஓடு, நடுவே முற்றம் என்று கட்டிய வீடுகள் சென்னையின் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கமும் கும்பகோணம், காரைக்குடி போன்ற ஊர்களிலும் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றில் பல, கட்டியபோது இருந்தபடி இப்போது இல்லை. முற்றத்துக்கு மேல் ஃபைபர் ஷீட் வந்துவிட்டது. ஓர் அறையில் ஏசி. விறகடுப்பு இருந்த இடத்தில் கேஸ். சுண்ணாம்புக்கு மேல் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் எமல்ஷனும். காற்று கெடுவது பெரும்பாலும் இந்த மாற்றங்களால்தான்.

காற்றைச் சோதிக்கிறேன் என்று தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் காரியம், ஆன்லைனில் ஒரு மீட்டர் வாங்கி கூடத்து மேசையில் வைப்பது. அது ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். ஒன்று பயந்து ஏர் பியூரிஃபையர் வாங்குவார்கள், இல்லையென்றால் நிம்மதியாகி மீட்டரை அலமாரியில் போட்டுவிடுவார்கள். தனியாக ஓர் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு. கதவு மூடினால் எவ்வளவு, திறந்தால் எவ்வளவு. ஊதுபத்திக்கு முன், பின். இந்த வித்தியாசங்கள்தான் விடை. கீழே உள்ள வரிசை முழுவதும் அதற்காகத்தான், வரிசையை மாற்றாதீர்கள்.

1. மீட்டருக்கு முன் மூக்கு

குறைந்தது ஒரு மணி நேரம் வெளியே இருந்துவிட்டு வீட்டுக்குள் வாருங்கள். உள்ளேயே இருப்பவர்களுக்கு வீட்டின் வாடை தெரியாது, மூக்கு பழகிவிட்டிருக்கும். வாசலில் தொடங்கி ரேழி, கூடம், ஒவ்வோர் அறை, சமையற்கட்டு, கொல்லை என்று நடந்து, எங்கே என்ன வாடை என்று உடனுக்குடன் எழுதுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் மூக்கு மறுபடி பழகிவிடும். உறவினர் ஒருவரை நடக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

மக்கிய வாடை என்றால் ஓதம் அல்லது பூஞ்சை. அழுகிய முட்டை வாடை என்றால் இரண்டைப் பாருங்கள்: நீர் வற்றிப்போன பாத்ரூம் டிராப் (சாக்கடை வாடை ஏறாமல் நீர் தேங்கி நிற்கும் வளைவு), அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும் இன்வெர்ட்டர் பேட்டரி. பேட்டரிதான் என்றால் உடனே சார்ஜை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, ஆளை வரவழையுங்கள். பெயின்ட், பசை வாடை என்றால் புதிதாகச் செய்த பிளைவுட் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.

இந்தச் சுற்றிலேயே வீட்டின் வரலாற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த ஆண்டு எந்த அறை சேர்க்கப்பட்டது, முற்றம் எப்போது மூடப்பட்டது, எந்த ஜன்னலை அடைத்தார்கள், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எங்கே இருக்கிறது, கதவு நிலைகளில் எத்தனை சுற்று பெயின்ட் ஏறியிருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் கிடைக்கும். எந்த அறையில் மீட்டர் வைக்க வேண்டும் என்பதை இந்தத் தாள்தான் சொல்லும்.

2. ஆளைக் கொல்லக்கூடியதை முதல் நாளே பாருங்கள்

தூசியும் பூஞ்சையும் ஒரு வாரம் காத்திருக்கும். கார்பன் மோனாக்சைடு காத்திருக்காது. அதற்கு நிறமோ வாடையோ கிடையாது. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் என்று தொடங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். பழைய வீடுகளில் இது வரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: சின்னக் குளியலறைக்குள்ளேயே மாட்டிய கேஸ் கீசர். இருந்த ஒரு வென்டிலேட்டரையும் கொசுவுக்காக அடைத்திருப்பார்கள்.

கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால் சோதனைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், அதை வெளியே மாற்றிவிடுங்கள். மாற்றும் வரை அதைப் பயன்படுத்தாதீர்கள். சமையற்கட்டு, ஜெனரேட்டர் உள்ள இடத்தை ஒட்டிய அறை ஆகியவற்றைச் சோதிக்க, குறைந்த அளவுகளையும் எண்ணாகக் காட்டும் கார்பன் மோனாக்சைடு மீட்டர் வேண்டும். அலாரம் வகைக் கருவிகள் பல 30 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 30 பங்கு) கீழே எதையும் காட்டாது. உயிரைக் காக்க அவை உதவும், அளக்க உதவாது.

அடுப்பை அரை மணி நேரம் எரியவிட்டு, தலை உயரத்தில் மீட்டரை வைத்துப் பாருங்கள். அடுப்பு சரியாக எரிந்தால் சில பிபிஎம்முக்கு மேல் போகாது. உலக சுகாதார நிறுவனம் எட்டு மணி நேரச் சராசரிக்குச் சொல்லும் அளவு ஒரு கன மீட்டருக்கு 10 மில்லிகிராம், ஏறக்குறைய 9 பிபிஎம். சுடர் மஞ்சளாக, பாத்திரத்தின் அடி கறுத்துப்போகும்படி எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும். எங்கேயாவது 30ஐத் தாண்டினால் அடுப்பை அணைத்து, எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வீட்டில் உள்ளவர்களோடு வெளியே வந்துவிடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த மீட்டரில் உள்ள வேதி செல் ஹைட்ரஜனுக்கும் அசையும். சார்ஜ் ஆகும் லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும். இன்வெர்ட்டர் பக்கத்தில் மட்டும் எண் ஏறினால் அது கார்பன் மோனாக்சைடாக இல்லாமல் இருக்கலாம். அதற்காக விட்டுவிட முடியாது, ஹைட்ரஜனும் தீப்பிடிக்கும் வாயுதான். பேட்டரி காற்றோட்டமான இடத்துக்குப் போக வேண்டும்.

கேஸ் கசிவுக்கு, டியூபின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். அதனால் கசிவு அலாரம் வைப்பதானால் தரையை ஒட்டி வைக்க வேண்டும், பரண் உயரத்தில் மாட்டினால் பயனில்லை. வாடை பலமாக வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியேறி 1906ஐ அழையுங்கள்.

3. என்ன கருவி வாங்குவது

கார்பன் மோனாக்சைடு மீட்டரைத் தவிர மூன்று போதும்.

பி.எம் 2.5 அளக்கும் மீட்டர். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகள்களை இது கணக்கிடும். ஒரு கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று காட்ட வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மட்டும் காட்டுவதை வாங்காதீர்கள்.

கார்பன் டை ஆக்சைடு மீட்டர். இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பெட்டியில் என்.டி.ஐ.ஆர் சென்சார் (அகச்சிவப்பு ஒளியால் அந்த வாயுவையே நேராக அளப்பது) என்று இருக்க வேண்டும். மலிவான பல கருவிகளில் அது இருக்காது. வேறு வாயுக்களை உணரும் சென்சாரை வைத்து ஒரு கணக்குப் போட்டு எண்ணைக் காட்டும். கையில் சானிடைசர் தடவிக்கொண்டு பக்கத்தில் போனாலே அந்த எண் எகிறினால், அது உண்மையான கார்பன் டை ஆக்சைடு மீட்டர் அல்ல. நினைவகம் உள்ளதாக, போனில் வரைபடம் காட்டுவதாக வாங்குங்கள். இரவு என்ன நடந்தது என்பது காலையில் தெரிய வேண்டும்.

ஈரப்பதம், வெப்பநிலை மீட்டர். சின்னது போதும். இரண்டு வாங்கினால் ஓத அறையையும் மற்ற அறையையும் ஒரே நேரத்தில் ஒப்பிடலாம்.

ஃபார்மால்டிஹைடு (பிளைவுட், பசையிலிருந்து வரும் எரிச்சல் வாயு), மொத்தக் கரிம ஆவிகள் என்று பல எண்களை ஒரே திரையில் காட்டும் கருவிகளின் அந்த எண்களை நம்பி எதையும் இடிக்கவோ வாங்கவோ வேண்டாம். வாசனைத் திரவியம், தரை துடைக்கும் லிக்விட், பழுத்த வாழைப்பழம் என எல்லாவற்றுக்கும் அவை துள்ளும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க மட்டும் உதவும்.

4. வீட்டைச் சோதிக்கும் முன் மீட்டரைச் சோதியுங்கள்

இந்தப் படியை ஏறத்தாழ எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். பிறகு வரும் எல்லா எண்களும் இதன் மேல்தான் நிற்கின்றன.

ஈரப்பத மீட்டருக்கு உப்புச் சோதனை: ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சில துளி தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத ஜிப் கவரில் வைத்து எட்டு மணி நேரம் விடுங்கள். நம் அறை வெப்பநிலையில் அதனுள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மீட்டர் 70 காட்டினால், இனி எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு மீட்டரை மொட்டை மாடியில், ஆள் மூச்சு படாமல், நிழலில் அரை மணி நேரம் வையுங்கள். வெளிக்காற்றில் இப்போது 420 பிபிஎம்முக்குச் சற்று மேல் இருக்கிறது. நகரத்தில் கொஞ்சம் கூடும். 600 காட்டினால் மீட்டரை அங்கேயே வைத்து வெளிக்காற்று அளவீட்டுக்குத் திருத்துங்கள். பல மீட்டர்கள், ஒரு வாரத்தில் தாம் பார்த்த மிகக் குறைந்த அளவை 400 என்று எடுத்துக்கொண்டு தம்மையே திருத்திக்கொள்ளும். எப்போதும் மூடியிருக்கும் அறையிலேயே வைத்திருந்தால் இந்தத் திருத்தமே தவறாகிவிடும். வாரம் ஒருமுறை மாடிக் காற்றைக் காட்டுங்கள்.

நுண்துகள் மீட்டரையும் வெளியே வைத்து, அருகில் உள்ள கண்காணிப்பு நிலையத்தோடு ஒப்பிடலாம். சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி உள்ளிட்ட இடங்களில் நிலையங்கள் உள்ளன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் அளவுகள் கிடைக்கும். எண் அப்படியே பொருந்தாது, பொருந்தவும் வேண்டியதில்லை. அங்கே ஏறும்போது இங்கேயும் ஏறுகிறதா என்பதே கேள்வி.

செயலியில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கிறீர்களா, மைக்ரோகிராமைப் பார்க்கிறீர்களா என்பதில் கவனம் வேண்டும். பி.எம் 2.5 அளவு 60 மைக்ரோகிராம் என்றால் இந்தியக் குறியீட்டில் அது 100, திருப்திகரம். அதே காற்று அமெரிக்கக் குறியீட்டில் 150ஐத் தாண்டிவிடும். உங்கள் மீட்டர் எந்த நாட்டுக் குறியீட்டைக் காட்டுகிறது என்பது பெட்டியில்கூட இருக்காது. மைக்ரோகிராமை மட்டும் எழுதுங்கள்.

5. எப்போது, எங்கே வைப்பது

போகி, தீபாவளியை ஒட்டிய நாட்கள் வேண்டாம். தெருவில் சாலை வெட்டும் வாரமும் வேண்டாம். அன்றைக்கு அளப்பது உங்கள் வீட்டை அல்ல, ஊரை. ஓதத்தைப் பார்க்க மட்டும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் சரியான காலம். கோடையில் காய்ந்து கிடக்கும் சுவரை வைத்து வீட்டில் ஓதமே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

மீட்டர் இருக்க வேண்டியது மூச்சு விடும் உயரத்தில். கூடத்தில் நாற்காலி உயரம், படுக்கையறையில் கட்டில் உயரம். சுவரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி. ஏசிக்கு நேர் கீழே, ஜன்னல் ஓரம், பூஜை அலமாரி மேல் வேண்டாம். தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால் அறையை அளக்காமல் உங்கள் மூச்சை அளக்கும்.

6. முதல் மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள்

மீட்டர் வந்த உற்சாகத்தில் வீட்டைப் பெருக்கித் துடைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு அளப்பார்கள். விருந்தாளி வரும்போது இருக்கும் காற்று அது. நீங்கள் தினமும் மூச்சு விடும் காற்று வேண்டும்.

வழக்கம்போல் இருங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். விளக்கேற்றினோம், தாளித்தோம், பெருக்கினோம், கொசுவத்தி வைத்தோம், ஏசி போட்டோம், கதவை மூடினோம் என்று நேரத்தோடு எழுத வேண்டும். வீட்டில் உள்ள அத்தனை பேரும் எழுத வேண்டும். நோட்டு இல்லாத வரைபடத்தில் மலைகள் தெரியும், காரணம் தெரியாது. நீங்கள் எதுவுமே செய்யாத நேரத்தில் ஒரு மலை எழுந்தால் அது வெளியிலிருந்து வந்தது. குப்பை எரிப்பார்கள், அல்லது சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டு எக்ஸாஸ்ட் உங்கள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தெரு வீடுகளில் இது சாதாரணம். நேரத்தைக் குறித்து வைத்திருந்தால் பேச வசதி.

இந்தியத் தரநிலை வெளிக்காற்றுக்கு 24 மணி நேரச் சராசரியாக பி.எம் 2.5 அளவை 60 மைக்ரோகிராம் என்று வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. நம் ஊரில் வெளியே 15 கிடைக்கும் நாட்கள் குறைவு. அதனால் முதல் இலக்காக, உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிடக் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வழுக்கல் உண்டு. ஈரப்பதம் 80 சதவீதத்தை நெருங்கினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும், லேசர் ஒளியால் துகளைப் பார்க்கும் நம் மீட்டர் அதை அதிக மாசு என்று எண்ணும். விடியற்காலை மாடியில் 70, ஏசி அறையில் 35 என்றால், பாதி மாசுதான் உள்ளே வருகிறது என்று சொல்லிவிட முடியாது. வெளியே பருத்த துகள், உள்ளே காய்ந்த துகள். உள்ளும் வெளியும் ஒப்பிட, ஏசியை நிறுத்திவிட்டு நண்பகல், பிற்பகல் எண்களை எடுங்கள்.

7. ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள்

நான்காம் நாளிலிருந்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதியுங்கள். ஊதுபத்தியும் சாம்பிராணியும் தாளிப்பும் ஒரே மாலையில் நடந்தால் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. முறை எளிது: அரை மணி நேரம் சும்மா விட்டு அடிப்படை எண்ணைக் குறியுங்கள். ஒன்றை ஏற்றுங்கள் அல்லது செய்யுங்கள். உச்சம் எவ்வளவு, அடிப்படைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள் அந்த நேரம் வேறு அறையில் இருக்கட்டும்.

திரும்ப ஆகும் நேரத்தை உச்சத்தைவிட முக்கியமாக நினைக்கிறேன். கடுகும் வரமிளகாயும் எண்ணெயில் விழும்போது எந்த அடுக்களையிலும் எண் எகிறும், எல்லாருக்கும் கமறும். திறந்த முற்றத்தை ஒட்டிய சமையற்கட்டில் அது சீக்கிரம் இறங்கிவிடும். ஷீட் போட்டு மூடிய முற்றம் என்றால் அதே தாளிப்பு கூடம் வழியாகப் படுக்கையறை வரை போய், கழுவிக் கவிழ்த்த பிறகும் மீட்டரில் நிற்கும். மிளகாய் ஒன்றுதான், புகை போக வழி இருக்கிறதா என்பதே வேறுபாடு.

கொசுவத்தியைத் தனியாக, அவசியம் சோதியுங்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு நிகர் என்று கணக்கிட்டது. மூடிய அறையில் ஒரு சுருளை ஏற்றி மீட்டரைப் பார்த்தவர்கள் அன்றிரவே கொசுவலைக்கு மாறியதைக் கண்டிருக்கிறேன். சொல்லிப் புரியாததை அந்த எண் புரியவைக்கிறது. லிக்விட் வகைக்கு எண் பெரிதாக ஏறாது. துகள் மீட்டருக்கு ஆவி தெரியாது என்பதுதான் காரணம், அதைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெருக்குதலையும் சோதியுங்கள். சுண்ணாம்பு உதிரும் சுவருள்ள வீட்டில் துடைப்பத்துக்கும் ஈரத்துணிக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். மீட்டர் பி.எம் 10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்கள்) காட்டினால், அந்த எண்ணில் அது நன்றாகத் தெரியும்.

8. அறை எவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறது

முதலில் இரவுச் சோதனை. வழக்கம்போல் ஏசி போட்டு, கதவு மூடி, கார்பன் டை ஆக்சைடு மீட்டரைக் கட்டிலிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துத் தூங்குங்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை, உள்ளே இருப்பதையே சுழற்றும். பத்துக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயர அறையில் சுமார் 34 கன மீட்டர் காற்று. தூங்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 12, 13 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். காற்று வெளியேறவே வழியில்லை என்றால், இரண்டு பேர் உள்ள அறையில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 700 பிபிஎம்முக்கு மேல் கூடும். காலையில் எழுந்ததும் தலை கனமாக இருக்கிறது என்று சொல்கிறவர்களின் அறையை இப்படி ஓர் இரவு அளந்துவிடுவது நல்லது.

பலரும் எல்லையாகச் சொல்லும் 1000 பிபிஎம் நச்சு எல்லை அல்ல. அது காற்றோட்டத்தின் அடையாளம். வாயு தேங்கினால் அதோடு கிருமியும் வாடையும் ஈரமும் தேங்கும்.

அடுத்தது இறக்கச் சோதனை. மூன்று பேர் அறையில் கதவை மூடி, மின்விசிறி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். எண் 1400ஐ ஒட்டி வந்ததும் எல்லாரும் வெளியே வந்து கதவை மூடிவிடுங்கள், மின்விசிறி ஓடட்டும். யாரும் உள்ளே போகக் கூடாது.

கணக்கு இவ்வளவுதான்: வெளியே 430, உள்ளே 1430 என்றால் மிகை 1000. அந்த மிகை 370 ஆகக் குறைய, அதாவது திரையில் 800 வர, எவ்வளவு நேரம் ஆனதோ அதுதான் அறையின் காற்று ஒருமுறை மாற ஆகும் நேரம். 40 நிமிடம் என்றால் மணிக்கு ஒன்றரை முறை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்த அறை அடைபட்டிருக்கிறது.

இதையே கதவுக்கு மேலுள்ள வென்டிலேட்டரைத் திறந்து ஒருமுறை, எதிரெதிர் ஜன்னல் திறந்து ஒருமுறை செய்யுங்கள். பழைய வீடுகளில் உயரத்தில் இருக்கும் அந்தச் சின்ன வென்டிலேட்டரைத்தான் முதலில் அட்டை வைத்து அடைக்கிறார்கள். சூடான காற்று மேலே ஏறி வெளியேறும் வழி அது. அட்டையை எடுத்து வலை அடித்து மறுபடி அளந்து பாருங்கள்.

9. ஓதமும் பூஞ்சையும்

பூஞ்சைக்கு மீட்டர் தேடாதீர்கள். தட்டில் வளர்த்துப் பார்க்கும் கிட்களும் வேண்டாம். பூஞ்சை வித்துகள் எல்லாக் காற்றிலும் உண்டு, தட்டில் எதுவாவது வளரத்தான் செய்யும். எத்தனை வித்து இருந்தால் பாதுகாப்பு என்று எல்லாரும் ஏற்றுக்கொண்ட அளவும் இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே சோதனை.

சுவரோடு ஒட்டி நிற்கும் பீரோவை நகர்த்துங்கள். பெரும்பாலும் விடை அங்கே இருக்கும்: தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உப்பு பூத்து, அதற்கு மேல் பெயின்ட் கொப்புளித்து, மூலையில் கறுப்புப் புள்ளிகள். ஓதத்தின் மேல் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். வாரம் ஒருமுறை பாருங்கள். மழைக்குப் பின் கோட்டைத் தாண்டினால் வெளிச்சுவர் அல்லது தளம். மழையோடு தொடர்பே இல்லாமல் ஏறினால் சுவருக்குள் ஓடும் குழாய். இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மேல் தொட்டியின் நீர் மட்டத்தைக் குறித்துக் காலையில் பாருங்கள். தரையோரம் மட்டும் ஆண்டு முழுக்க ஈரம் என்றால் அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிறது.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக்காற்றிலிருந்து படிகிறதா என்று சந்தேகம் என்றால், ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துத் தாளுக்குப் பின்னால் ஈரம் என்றால் சுவர். தாளின் முன்பக்கம் என்றால் காற்று; ஏசி அறையின் மறுபக்கச் சுவரில் இப்படி வருவதுண்டு.

சுண்ணாம்புச் சுவரில் வழக்கமாகச் செய்யும் தவறு, ஓதத்தின் மேல் சிமென்ட் பூசி வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அடைத்ததும் ஈரம் பூச்சுக்கு மேலே ஏறி வேறு இடத்தில் வெளிவரும். கோட்டைக் குறித்து வைத்திருந்தால் இது கண்ணுக்கே தெரியும்.

அறையின் ஈரப்பதம் நாள் முழுக்க 60க்கு மேலேயே நின்றால் பூஞ்சைக்கு வசதி என்பார்கள். சென்னையில் வெளியே அதைவிடக் கூடுதலாகவே இருக்கும் நாட்கள் ஏராளம். எனவே இங்கேயும் ஒப்பீடுதான்: மற்ற அறைகளைவிட ஓர் அறை மட்டும் எப்போதும் பத்து சதவீதம் கூடியிருந்தால், அந்த அறையில் நீர் வழி ஒன்று இருக்கிறது.

10. மீட்டருக்குத் தெரியாத இரண்டு

ஈயம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல், கதவிலும் ஜன்னலிலும் கிரில்லிலும் அடுக்கடுக்காக இருக்கும். ஒட்டியிருக்கும் வரை பெரிய தொல்லை இல்லை. எமரி தாள் போட்டுத் தேய்க்கும்போது தூசியாகி, தரையில் தவழும் குழந்தையின் வாய்க்குப் போகிறது. பெயின்டரை வரச் சொல்லும் முன் சோதியுங்கள். கத்தியால் மரம் தெரியும் வரை எல்லா அடுக்கும் வருமாறு ஒரு துண்டை எடுத்து, ஜிப் கவரில் போட்டு லேபுக்கு அனுப்புங்கள். மேல் அடுக்கை மட்டும் சுரண்டினால் புதிய பெயின்ட்டுக்குத்தான் முடிவு வரும். அனுப்ப முடியாவிட்டால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ். கொல்லைக் கூரை, மாடி அறை, பழைய குழாய்களில் சிமென்ட் ஷீட்டாக இருக்கும். காற்றில் அதன் இழைகளை எண்ணுவது நுண்ணோக்கி உள்ள லேபின் வேலை. வீட்டில் செய்ய வேண்டியது, ஷீட் உடைந்திருக்கிறதா, ஓரம் பொடிகிறதா என்று பார்ப்பது மட்டும். உலர்ந்த ஷீட்டில் துளை போடுவது, பாசியைக் கம்பி பிரஷால் தேய்ப்பது, உடைத்து இறக்குவது மூன்றும் கூடாது. ஃபால்ஸ் சீலிங் அடிக்க வருகிறவர்கள் ஷீட்டில் நேராக டிரில் வைப்பார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மண்ணிலிருந்து தரை வழியாக வரும் கதிரியக்க வாயுவான ரேடான் பற்றியும் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை அளவு ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு). ஜன்னல் திறந்து வாழும் வீட்டில் இது தேங்குவது குறைவு. தரை விரிசல் விட்டு, எப்போதும் மூடியே கிடக்கும் கீழ்த்தள அறையில் யாராவது நெடுநேரம் இருந்தால் மட்டும், மூன்று மாதம் வைக்கும் வகைக் கருவியால் பாருங்கள்.

11. லேபுக்கு எப்போது போவது

முதல் பத்தும் முடித்த பிறகு கேள்வி மீதியிருந்தால். புதிய மரவேலைக்குப் பிறகு கண் எரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தால் ஃபார்மால்டிஹைடு பார்க்கலாம். அரை மணி நேரச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம்.

என்.ஏ.பி.எல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் கேட்கும் அந்தப் பொருளுக்கு, அந்த முறைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர்ச் சோதனைக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற லேபும் தாளில் அதே முத்திரையைக் காட்டும். எத்தனை மணி நேரம் காற்றை இழுப்பார்கள், வெளிக்காற்றையும் ஒரு மாதிரி எடுப்பார்களா என்பதையும் கேளுங்கள். வெளி மாதிரி இல்லாத அறிக்கை பாதி அறிக்கை. ஆள் வருவதற்கு முன் எட்டு மணி நேரம் ஜன்னல்கள் மூடியிருக்கட்டும், அலமாரிகளைச் சுத்தம் செய்யாதீர்கள், ஊதுபத்தி வேண்டாம்.

12. சரிசெய்து, அதே சோதனையை மறுபடி

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வரிசை இப்படி: முதலில் கெடுப்பதை எடுப்பது (கொசுவத்தி, கசியும் குழாய், கருகும் பர்னர்). அடுத்து காற்று போக வழி (வென்டிலேட்டர், வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட், முற்றத்து ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஓரடி இடைவெளி). கடைசியில்தான் ஏர் பியூரிஃபையர். அது துகளை மட்டும் குறைக்கும். கார்பன் டை ஆக்சைடையோ மோனாக்சைடையோ ஓதத்தையோ தொடாது.

எக்ஸாஸ்ட் மாட்டியதும் அது உண்மையில் இழுக்கிறதா என்று ஒரு டிஷ்யூ தாளை வலையில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொள்ள வேண்டும். காற்று உள்ளே வர ஒரு ஜன்னல் திறந்திருந்தால்தான் ஒட்டும்.

பிறகு 7ஆம் படியில் செய்த அதே தாளிப்பை, அதே நேரத்தில், மீட்டரை அதே இடத்தில் வைத்து மறுபடி அளந்து, நோட்டில் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஓதக் கோட்டுக்கு மட்டும் அடுத்த மழைக்காலம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் சுவருக்குப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள், கோடு மறைந்துவிடும்.